முகச் சுருக்கத்துக்கு ஊசி: எதைப் போட்டுக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடம் மருந்துக் கடையில் நின்றவள் நான், மருத்துவர் இல்லை. ஐம்பதைத் தாண்டியதும் நானே நெற்றியில், எல்லாரும் போடாக்ஸ் என்கிற ஊசியைப் போட்டுக்கொண்டேன். அது வெளியே தெரிந்த நாளிலிருந்து உறவிலும் நட்பிலும் ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

இந்த ஊசி என்னதான் செய்கிறது?

தசையைச் சுருங்கவிடாமல் வைக்கிறது, அவ்வளவுதான். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வந்தால்தான் தசை இழுக்கும். அதை வெளியே தள்ளுவதற்கு நரம்புக்குள் சில புரதங்கள் வேண்டும். போட்டுலினம் நச்சின் 'ஏ' வகை, அவற்றில் ஒன்றான ஸ்னாப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. உத்தரவு தசைக்குப் போய்ச் சேராததால் அது ஓய்ந்து கிடக்கிறது, மேலே உள்ள தோலும் மடியாமல் இருக்கிறது. தோலுக்குள் எதையும் நிரப்புவதில்லை, தோலை இழுத்துப் பிடிப்பதும் இல்லை. சில மாதங்களில் நரம்பு மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

என் சுருக்கத்துக்கு இது கேட்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த ஊசி என்று யோசிப்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். அப்புறம் கோபமாக முறைத்து, புருவத்தைத் தூக்கி, கண் சுருங்கச் சிரித்துப் பாருங்கள். முகத்தை அசைக்கும்போது மட்டும் வருகிற கோடு என்றால் அது தசையின் வேலை, ஊசி நன்றாகக் கேட்கும். சும்மா இருக்கும்போதும் கோடு பதிந்தே கிடக்கிறது என்றால் ஊசி அதை ஓரளவு மென்மையாக்கும், முழுதாக அழிக்காது.

மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் பள்ளம், கன்னத் தொய்வு, கண்ணுக்குக் கீழே குழி இதற்கெல்லாம் இந்த ஊசி இல்லை. அவை கொழுப்பும் எலும்பும் குறைவதாலும் தோல் தளர்வதாலும் வருபவை. அங்கே பேச வேண்டியது பள்ளத்தை நிரப்பும் ஊசியான ஃபில்லரைப் பற்றி. அது வேறு பொருள், வேறு ஆபத்து. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "போடாக்ஸ் போட்டால் கன்னம் தூக்கி நிற்குமா" என்று கேட்பவர்கள்தான் அதிகம். நிற்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற மாநிறம், கருநிறத் தோலில் வெயிலின் பாதிப்பு சுருக்கத்தைவிட முதலில் கரும்படையாகத்தான் தெரியும். முகம் வயதாகத் தெரிகிறது என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான கவலை மங்குதான். அந்தக் கரும்படையை இந்த ஊசி தொடவே தொடாது.

விஷம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இயற்கையில் கிடைக்கும் மிகக் கொடிய நச்சுகளில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில், கெட்டுப்போன தொத்திறைச்சி தின்றவர்கள் கண் இமை தொங்கி, விழுங்க முடியாமல் செத்துப்போனார்கள். யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை விரிவாக எழுதிவைத்தார். மனிதர் கவிஞரும்கூட. இந்த நச்சைச் சிறு அளவில் மருந்தாக்கலாம் என்று அப்போதே ஊகித்தார். 'போட்டுலஸ்' என்றால் லத்தீனில் தொத்திறைச்சி. பெயர் அங்கிருந்து வந்தது. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டு விழுந்தார்கள். எமில் வான் எர்மெங்கெம் அதை ஆராய்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்.

அழகுக்கும் இதற்கும் முடிச்சு விழுந்தது கண் மருத்துவத்தில். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்தினார். மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், புருவ நடுவிலும் போடுங்கள், போட்டால் முகம் அமைதியாகத் தெரிகிறது என்றாராம். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை எழுதினார்கள். புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது.

மருந்துக் குப்பி ஒன்றில் இருக்கும் நச்சின் எடை நானோகிராம் கணக்கில்தான். அளவு மீறினால் விஷம் என்பது இதற்கும் பொருந்தும். அளவு யார் கையில் இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின், இன்னும் என்னென்னவோ சொல்கிறார்கள். எது நல்லது?

எல்லாம் அதே 'ஏ' வகை நச்சுதான். 'போடாக்ஸ்' என்பது ஒரு கம்பெனி தன் மருந்துக்கு வைத்த பெயர். நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி மொத்தத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. போடாக்ஸுக்குப் பிறகு, முகச் சுருக்கத்துக்கு அமெரிக்க அனுமதி பெற்ற வரிசை இது: டிஸ்போர்ட் 2009, ஸியோமின் 2011, ஜூவோ 2019, டாக்ஸிஃபை 2022, லெட்டிபோ 2024. ஜூவோவும் லெட்டிபோவும் கொரியத் தயாரிப்புகள். நம் ஊரில் எல்லாமே எல்லா இடத்திலும் கிடைக்காது. உங்கள் மருத்துவர் எதை வாங்கி வைக்கிறாரோ அதற்குள்தான் தேர்வு.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. போடாக்ஸில் நச்சைச் சுற்றி வேறு புரதங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸியோமினில் அவற்றை நீக்கிவிடுகிறார்கள். உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்து கேட்காமல் போவது இதனால் குறையலாம் என்பது அவர்கள் வாதம். அழகுக்காகப் போடும் சிறு அளவில் அப்படி ஆவது எந்த மருந்திலும் அரிதுதான். திறக்காத ஸியோமின் குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கவேண்டிய கட்டாயமில்லை. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் கடை நடத்தியவளுக்கு அதன் அருமை தெரியும்.

டிஸ்போர்ட் கொஞ்சம் அகலமாகப் பரவும் என்பார்கள். ஆனால் பரவுவது எவ்வளவு கரைத்தார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பதையும் பொறுத்தது. டிஸ்போர்டில் லாக்டோஸ் இருக்கிறது, அதோடு பசும்பால் புரதம் சிறிதளவு வரலாம். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது. பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் புரத ஒவ்வாமை வேறு.

இவ்வளவு சொன்ன பிறகும், எது நல்லது என்று என்னைக் கேட்டால், உங்கள் மருத்துவர் வருடக்கணக்காக எதைப் போட்டுக் கை பழகியிருக்கிறாரோ அது. புது மருந்தை உங்கள் நெற்றியில் பழக வேண்டாம்.

ஓரிடத்தில் யூனிட் மலிவு என்கிறார்கள். அங்கேயே போகலாமா?

யூனிட் என்பது மருந்தின் வீரியத்தை அளக்கும் அளவு. எந்த மருந்தின் யூனிட் என்று முதலில் கேளுங்கள். ஒரு மருந்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் முறையில் அளக்கிறது. புருவ நடுவுக்குப் போடாக்ஸ் 20 யூனிட், ஸியோமினும் 20, டிஸ்போர்ட் 50, டாக்ஸிஃபை 40. ஆகவே டிஸ்போர்டின் ஒரு யூனிட் விலை குறைவாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். படி அளவுக்கும் மரக்கால் அளவுக்கும் ஒரே விலையா கேட்பீர்கள்? ஒரு பகுதிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். மருந்து குப்பியில் பொடியாக வரும், சலைன் என்ற உப்புநீரை ஊற்றிக் கரைக்க வேண்டும். போடாக்ஸ் 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி ஊற்றினால் 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். அதே குப்பியில் 5 மில்லி ஊற்றினால் பாதி. பால்காரர் கதைதான். சிரிஞ்சு நிறைய ஏற்றினார்கள் என்பதால் மருந்து நிறைய என்று ஆகாது. "எத்தனை யூனிட் போடப்போகிறீர்கள், எத்தனை மில்லியில் கரைத்தீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், சீட்டிலும் எழுதித் தருவார். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனால் அதுதான் வழிகாட்டி.

எந்த இடத்துக்கு எவ்வளவு?

போடாக்ஸ் கணக்கில் சொல்கிறேன். புருவ நடுவில், அதாவது பொட்டு வைக்கும் இடத்துக்கு இருபக்கமும் நெட்டாக விழும் கோடுகளுக்கு, ஐந்து இடத்தில் நாலு நாலாக 20. கண்ணோரத்துக்கு ஒரு பக்கம் 12, இரண்டு பக்கமும் சேர்த்து 24. நெற்றிக்கு 20, அதுவும் தனியாக இல்லை, புருவ நடுவின் 20உம் கூடவே, ஆக மொத்தம் 40. இவை அனுமதி பெற்ற மருந்துக் குறிப்பில் உள்ள அளவுகள். மருத்துவர்கள் முகத்தைப் பார்த்துக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆண்களுக்குத் தசை கனம், பொதுவாகக் கூடுதலாகத் தேவைப்படும். ஆணின் புருவத்தை வில்லாக வளைத்துவிடாமல் போடத் தெரிந்தவரிடம் போகச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரை.

எத்தனை நாளில் தெரியும், எவ்வளவு காலம் நிற்கும்?

இரண்டு மூன்று நாளில் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும். மூன்றிலிருந்து நாலு மாதம் நிற்கும். டாக்ஸிஃபை மட்டும் நீண்ட காலம். சோதனைகளில் பாதிப் பேருக்குச் சுமார் 24 வாரம் நின்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பாகப் போனால் அந்தத் தப்பும் நீண்ட காலம் கூடவே இருக்கக்கூடும். முதல் முறை போடுகிறவருக்கு நான் நீண்டகால மருந்தைச் சொல்ல மாட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் திரும்பப் போடவும் வேண்டாம்.

நான் சுத்த சைவம். இதில் எதுவும் கலந்திருக்குமா?

போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் மூன்றிலும் மனித ரத்தத்திலிருந்து பிரித்த ஆல்புமின் உண்டு. மருந்து குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது. டாக்ஸிஃபையில் ஆல்புமின் இல்லை. இதைக் கேட்கும் மாமிகளுக்கு நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன். முடிவு அவர்கள் பாடு.

பியூட்டி பார்லரிலேயே போடுகிறார்களாம். போகலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆய்வுக்கூடத்துக்கென்று விற்ற, மனிதருக்கு அனுமதி இல்லாத நச்சைப் போட்டதில் நாலு பேர் உடல் செயலிழந்து செயற்கை சுவாசத்தில் கிடந்தார்கள். போட்டவர் தானும் அதில் ஒருவர். 2024இலும் அங்கே பல மாநிலங்களில் போலிக் குப்பிகள் பிடிபட்டன. போட்டுக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

தோல் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள். குப்பியை உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். (கடையில் நாங்கள் இதை 'வயல்' என்போம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் எந்த ஊர் வயல் என்று கேட்டான்.) பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, இறக்குமதி செய்தவர் விலாசம் இதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். முடிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சிரிஞ்சில் ஏற்றி வைத்திருப்பதைப் போட விடாதீர்கள். கரைத்த போடாக்ஸை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், ஒரு குப்பி ஒருவருக்கே என்பது கம்பெனியின் விதி. நடைமுறையில் பல இடங்களில் ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிக்கிறார்கள். எப்போது கரைத்தது என்று கேளுங்கள்.

ஹேர் போடாக்ஸ் செய்துகொண்டேன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது முடிக்குப் பூசும் கண்டிஷனர் வகை, நச்சு எதுவும் அதில் கிடையாது. பெயரைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். 'போடாக்ஸ் க்ரீம்' என்பதும் அப்படியே. அந்த மூலக்கூறு பெரியது, தேய்த்தால் தோலைத் தாண்டித் தசைக்குப் போகாது.

என்ன தப்பாகப் போகலாம்?

ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கன்றுவது, ஒரு நாள் தலைவலி, இவை சகஜம். பயப்பட வேண்டியது இமை தொங்குவதற்கு. புருவ நடுவில் போட்டது கீழே கசிந்து இமையைத் தூக்கும் தசைக்குப் போனால் ஒரு கண் பாதி மூடிக்கொள்ளும். போடாக்ஸ் சோதனைகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு அப்படி ஆனது. அதனால்தான் புருவ எலும்பு விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலேயே ஊசியை நிறுத்துகிறார்கள். ஆகிவிட்டால் அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். மருத்துவர் எழுதித் தர வேண்டும். மற்றபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஹையலூரானிக் ஃபில்லரைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. இந்த மருந்து தசையில் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் எடுப்பதற்கு எதுவும் இல்லை.

எனக்கு ஆனது வேறு. நெற்றிக் கோடு மட்டும் போதும், புருவ நடு வேண்டாம் என்று நானே சிக்கனம் பிடித்தேன். போட்டவரும் தலையாட்டிவிட்டார். புருவத்தை மேலே தூக்குவது நெற்றித் தசை ஒன்றுதான்; கீழே இழுப்பவை புருவ நடுவில் இருக்கின்றன. தூக்குகிறவனைத் தூங்கவைத்துவிட்டு, இழுக்கிறவர்களை அவிழ்த்து விட்டால் என்ன ஆகும்? ஏழு வாரம் புருவம் கண்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அழுதீர்களா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். நெற்றியைப் புருவ நடுவோடு சேர்த்துப் போடச் சொல்லும் விதி இதற்காகத்தான். வயதாகி இமைத்தோல் தளர்ந்தவர்கள் தெரியாமலே நெற்றியால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நெற்றியில் குறைவாகப் போடுவதோ போடாமல் விடுவதோதான் நல்லது.

விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், குரல் குழறல், இரட்டைப் பார்வை, உடல் சோர்ந்து துவளுதல் இவற்றில் எது வந்தாலும், ஊசி போட்டு மணிக்கணக்கு ஆகியிருந்தாலும் சரி, வாரக்கணக்கு ஆகியிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். போட்ட கிளினிக்குக்குப் போன் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

யார் போடக்கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள். ஊசி போடும் இடத்தில் புண்ணோ சீழோ இருப்பவர்கள். ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள், அவை இந்த மருந்தின் வேகத்தைக் கூட்டும். ஆஸ்பிரின் சாப்பிட்டால் ரத்தம் கன்றுவது அதிகமாகும். அதற்காக இதயத்துக்கு எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மகள் கல்யாணம் வருகிறது. எப்போது போடலாம்?

முகூர்த்தத்துக்கு ஐந்தாறு வாரம் முன்னால். இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், ஏதாவது ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தால் சரிசெய்ய இரண்டு வாரம், கன்றல் மறைய மிச்சம். முதல் தடவையே என்றால் அதற்கும் ஒரு சுற்று முன்னாலேயே, நிச்சயதார்த்த சமயத்தில் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து கேட்பவர்களுக்கு என் பதில், நல்ல பேஷியல் ஒன்று செய்துகொள்ளுங்கள் என்பதுதான்.

போட்ட பிறகு என்ன செய்யக்கூடாது?

அன்றைக்கு முகத்தைத் தேய்க்க வேண்டாம். எண்ணெய்க் குளியல், மசாஜ், நீராவி, ஜிம் எல்லாம் மறுநாள். நாலு மணி நேரம் படுக்கக்கூடாது என்பது வழக்கமாகச் சொல்வது. வலுவான ஆதாரம் இல்லாவிட்டாலும் கடைப்பிடிப்பதில் நஷ்டமும் இல்லை.

நான் பரதம் ஆடுகிறேன். போடலாமா?

இதைக் கேட்ட பெண்ணிடம் நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: மேடையில் உங்கள் புருவம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கிறது என்று கணக்குப் போடுங்கள். கோபமும் வியப்பும் பயமும் புருவ நடுவிலும் நெற்றியிலும்தான் நடக்கின்றன. முழு அளவு போட்டால் அபிநயத்தில் கண் மட்டும் பேசும், மேலே ஒன்றும் அசையாது. கண்ணோரத்தில் குறைவாகப் போட்டுக்கொண்டால் போதும் என்று அவள் முடிவு செய்தாள். கச்சேரி சீசன் முடிந்து ஜனவரியில்தான் போட்டாள். மேடையில் பாடுகிறவர்கள், நாடகக்காரர்கள், வகுப்பைக் கண்ணாலேயே அடக்குகிற டீச்சர்களுக்கும் இதே பதில்தான்.

ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகிவிடுமா?

ஆகாது. மருந்து தீர்ந்ததும் தசை பழையபடி அசையும், கோடு பழைய இடத்துக்கு வரும். நாலு மாதம் வழவழப்பான நெற்றியைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மோசமாகத் தெரியும். எனக்கும் தெரிந்தது. போட்டதற்கு முதல் நாள் எடுத்த போட்டோவை வைத்துப் பார்த்தேன், அதே கோடுதான்.